கேத்திலிடம் சொன்னது

மல்வேர்னில் பஸ்ஸை விட்டிறங்கி, வீட்டுக்குள் வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் குசினியில் அம்மா அடுப்பில் தண்ணி கொதிக்கும் கேத்திலோடு பேசுவது கேட்டது.

"உனக்கென்ன, கொதிச்சவுடனை சத்தம் போடுவாய். முழங்கால் நோகுது எண்டு நான் ஆரிட்டைச் சொல்ல?"

அதைக் கேட்டதும் ஊர் வீட்டு ஆட்டுப் புழுக்கை மணம் மூக்கில் ஏறியதுபோல இருந்தது. ஊரில் அம்மா அப்பாவோடு நேரே பேசி நான் கண்டதில்லை. முற்றத்தில் கட்டியிருந்த ஆட்டிடம்தான் சொல்வார்: "சீனி முடிஞ்சுபோச்சு, கண்டியோ?" சாய்மனைக் கதிரையில் கிடக்கும் அப்பாவும் ஆட்டைப் பார்த்தே, "பின்னேரம் வாங்குவம்" என்பார். மழைக்கு ஆட்டைக் கொட்டிலில் கட்டிவிட்டால் அன்று முழுக்க இருவருக்கும் பேச்சில்லை. அந்த ஆடு எங்கள் வீட்டில் தின்றதைவிடக் கேட்டதுதான் அதிகம்.

இப்போது அப்பாவும் இல்லை, ஆடும் இல்லை. எனக்கு மிச்சம் ஷிஃப்ட் முழுக்க நின்று வீங்கிய கால்கள்தான். கதிரையில் சரிந்து, கேத்திலைப் பார்த்துச் சொன்னேன்: "நாளைக்கு லீவு போட்டு டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்லு."

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. தேயிலையைப் போட்டபடி கேத்திலிடமே சொன்னார்: "வேண்டாமெண்டு சொல்லு. பிள்ளை களைச்சுப்போய் வந்திருக்கிறாள். முதல் தேத்தண்ணியைக் குடிக்கட்டும்."