சனிக்கிழமைக்குள் ஒரு பாவம்

சபையில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "வாங்க உதாரணம்!" என்பார்கள். சாவி வெட்டிப் பிழைக்கிறவன் நான். உதாரணமானது என் மனைவியின் புண்ணியத்தில்.

அவளுக்குப் பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலை. கன்னம் வீங்கி வருகிறவர்களுக்கு நடுவே உட்கார்ந்து, பழைய அட்டைகளின் முதுகில் வேதத்தைப் பற்றி எழுதுவாள். ஞாயிறுதோறும் சபையில் கொடுக்கிற தாளில் 'வாரச் சிந்தனை' அவளுடையது. ஒரு வசனம், அதை விளக்க வீட்டில் நடந்த ஒரு சம்பவம். வசனம் வேதத்திலிருந்து வரும். சம்பவம் என்னிடமிருந்து வரும்.

மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடினேன். தொலைந்த காசு உவமைக்கு அது போயிற்று. அவளுடைய சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகப் பிடிக்காமல் குளியலறையில் ஒளிந்தேன், கர்த்தருக்குத் தப்பி ஓடி மீன் வயிற்றில் கிடந்த யோனாவாக்கிவிட்டாள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் மீன் வயிற்றுக்குள் என் வழுக்கைத் தலையை வரைந்து கொண்டுவந்து காட்டின. பொறுக்க முடியாமல் ஒருநாள், நானும் வேத வசனத்தையே எடுத்து, "உன் கண்ல இருக்கிற உத்திரம் உனக்குத் தெரியலையா?" என்று கத்தினேன். அடுத்த வாரம் அதுவும் வந்தது, நான் எந்தத் தொனியில் கத்தினேன் என்பதோடு.

"ஏன்மா, ஊர்ல வேற பாவியே இல்லையா?"

"இருக்காங்க. அவங்க வீட்டுக்குள்ள போய் உக்காந்து பார்க்க முடியுமா?"

இதையெல்லாம்கூடச் சகித்துக்கொண்டேன். சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி, சொந்த வீட்டு வாசலில் நின்று நான் தட்டோ தட்டென்று தட்டியதை, 'தட்டுங்கள், திறக்கப்படும்' வசனத்துக்கு எழுதினாள் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. உள்ளேதான் இருந்திருக்கிறாள் மகராசி, திறக்காமல் குறிப்பு எடுத்துக்கொண்டு!

திங்கட்கிழமை கறிக்கடைக்காரர் வந்து, ரிப்பேருக்குக் கொடுத்திருந்த பூட்டைத் திருப்பிக் கேட்டார். "தப்பா நினைச்சுக்காதீங்க உதாரணம். சொந்தக் கதவையே திறக்க முடியலைன்னு படிச்சேன்."

பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றே முடிவு பண்ணினேன். இந்த வாரம் என்னிடமிருந்து ஒரு பாவமும் கிளம்பாது.

கிளம்பவில்லை. சாவியை ஒழுங்காக ஆணியில் மாட்டினேன். பஸ்ஸில் என் காலை மிதித்தவரிடம் நானே மன்னிப்புக் கேட்டேன். டிவியில் அமைச்சர் பேசினார், நான் வாயைத் திறக்கவில்லை. புதன்கிழமையே அவள் முகம் சுண்டிவிட்டது. வியாழக்கிழமை என் செருப்பில் ஒன்றை ஒளித்துவைத்தாள். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று ஒற்றைச் செருப்போடு கடைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை மச்சினி போன் பண்ணினாள். "அத்தான், உடம்பு ஏதும் சரியில்லையா? அக்கா அழறா."

போதகர் கறாராகச் சொல்லியிருந்தார்: சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் சிந்தனை வராவிட்டால் அந்த இடம் இனிப் பாட்டுக்குழுத் தலைவருக்கு. அவர் தன்னுடைய தாழ்மையைப் பற்றி வருஷக்கணக்கில் எழுதி அடுக்கிவைத்துக்கொண்டு காத்திருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். அட்டை வெள்ளையாகவே கிடந்தது.

"ஒண்ணுமே வரலைங்க."

"அப்போ நீயே ஒரு பாவத்தைப் பண்ணித் தொலை."

"நான் பண்ணப் போயிட்டா யாரு பார்த்து எழுதுறது?" சிரிக்காமல்தான் கேட்டாள். பிறகு சொன்னாள்: "நாள் பூரா எல்லார் முகத்தையும் பார்க்கிறேன். ஒருத்தரும் எங்கிட்ட பேசறதில்ல, வாய்ல பஞ்சு. ஞாயித்துக்கிழமை ஒருநாள்தான் நான் சொல்றதை நாலு பேர் கேக்கறாங்க."

வாரம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

"இரு, டீ போட்டுட்டு வர்றேன்" என்று அடுக்களைக்குள் போனேன். காசு, மீன், கதவு எல்லாம் தீர்ந்துவிட்டன. உப்பு இன்னும் வரவில்லை. உலகத்துக்கு உப்பாயிருப்பதைப் பற்றி அருமையான வசனம் சும்மா கிடந்தது. சர்க்கரை டப்பாவை ஒதுக்கிவிட்டு, இரண்டு டம்ளரிலும் தாராளமாக உப்பைப் போட்டுக் கலக்கினேன்.

ஒரு வாய் குடித்தாள். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"ஐயோ, என்னங்க இது, உப்பு!"

"அடடா! கை தவறிடுச்சும்மா."

டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்தாள். நான் என் டம்ளரைத் தொடாமல் கடைக்கு நழுவிவிட்டேன்.

மறுநாள் சபையில் தாளை வாங்கி அவசரமாக உப்பைத் தேடினேன். தலைப்பு 'பொய்' என்று இருந்தது.

'கை தவறிவிட்டது என்று என் கணவர் சொன்னார். அது பொய். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு அவர் உப்பை அள்ளிப் போட்டதைக் கதவிடுக்கில் பார்த்தேன். அவருக்குக் கை தவறாது. அவர் வெட்டிய சாவி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. நான் எழுத வேண்டும் என்பதற்காகப் பொய் சொன்னார். கர்த்தர் அவரை மன்னிப்பாராக. இரண்டு டம்ளரையும் நானே குடித்தேன்.'

பின் பெஞ்சிலிருந்து கறிக்கடைக்காரர் என் தோளைத் தட்டினார். "உதாரணம், அந்தப் பூட்டை நாளைக்குக் கொண்டுவரட்டுமா?"

தலையை ஆட்டினேன். பக்கத்தில் அவள் பாட்டிலைத் திறந்து மறுபடியும் தண்ணீர் குடித்தாள். நேற்றிலிருந்து குடித்துக்கொண்டேயிருக்கிறாள்.

"கொட்டியிருக்கலாமே, ஏன்மா குடிச்சே?" என்றேன் காதோடு.

"நீங்க போட்டதாச்சே" என்றாள். "எப்படிக் கொட்டுறது?"