கை இருக்கா என்று கேட்கும் நேரம்

அக்காவின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். இந்தக் கட்டுரையை எழுதி முடிக்க எத்தனை நாளாகும் என்று அத்தான் கேட்டபோது, "ரெண்டு நாள் போதும் அத்தான்" என்றேன். ஒரு மாதம் இழுத்துவிட்டது. அக்கா இருந்திருந்தால், "அச்சகத்துக்குக் கொண்டு போற நேரத்தைச் சேத்தியாடா?" என்று கேட்டுச் சிரித்திருப்பார். ஆகவே யாரும் அழுதுகொண்டு படிக்க வேண்டாம். அக்காவுக்கு அது பிடிக்காது.

அக்கா பிறந்தது வெண்ணாற்றங்கரையில், எங்கள் ஊர் மாதா கோவில் தெருவில். அப்பா குத்தகை நிலத்தில் பாடுபட்டவர். ஆற்றில் தண்ணீர் வராத வருடங்களில் அடுப்பு ஒரு வேளைதான் எரியும். மூத்த பெண் என்பதால் பள்ளி விட்டதும் அக்கா நேரே வயலுக்குப் போய்விடுவார். நடவுக்கு எத்தனை ஆள் சொல்லலாம் என்று அப்பா யோசித்தால் அக்கா குறுக்கே புகுவார். "பாதிப் பேரு ஒரே வீட்டு சம்பந்திங்க. பேச்சு ஜாஸ்தியா இருக்கும். இன்னொரு ஆள் சேத்துக்குங்கப்பா" என்பார். அப்பா முறைப்பார். ஆனால் அந்த இன்னொரு ஆளைச் சேர்த்துக்கொள்வார்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் படிக்க வசதியில்லை. அக்கா அதற்காக மூலையில் உட்கார்ந்து விடவில்லை. வளைகுடா நாட்டில் சாரம் கட்டும் வேலை பார்த்துத் திரும்பிய அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டார். தஞ்சாவூரில் பலரும் சவுக்குக் கம்பில் சாரம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அத்தான் சேமிப்பையெல்லாம் போட்டுக் கப்லாக் என்னும் இரும்புக் குழாய்களை வாங்கி இறக்கினார். நிற்கும் குழாயின் கிண்ணத்தில் படுக்கைக் குழாயைச் செருகி, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் இறுகிக்கொள்ளும், கயிறு வேண்டாம். அத்தான் வேலையில் புலி. கூலி சொல்வதில் மட்டும் பூனை. வீடானாலும் சரி, ரைஸ் மில்லானாலும் சரி, எத்தனை நாளாகும் என்று கேட்டால் அவர் வாயிலிருந்து ஒரே பதில்தான் வரும்: "ரெண்டு நாள்." பிறகு ஒரு வாரம் ஆட்களுக்குக் கைக்காசு போட்டுக் கூலி கொடுப்பார்.

இது சரிப்படாது என்று அக்கா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்றிலிருந்து எந்தக் கட்டடத்துக்கும் அக்கா நேரில் போய்ப் பார்க்காமல் விலை சொன்னதில்லை. அண்ணாந்து பார்ப்பதற்கு முன் அவர் கேட்கும் முதல் கேள்வி, "லாரி எங்க நிக்கும்?" அடுத்தது தரை. நம் பக்கத்து வண்டல் மண் ஒரு மழைக்கே உள்வாங்கிவிடும். அடியில் பலகை போட்டு மட்டம் பார்க்கவே தனி ஆள் வேண்டும். அதற்குப் பிறகுதான் உயரம். "கீழ்த்தட்டு கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள எழும்பிரும். மேல போகப் போகத்தான் கூலி. ஒரு குழாய் ஒவ்வொரு தட்டா கை மாறி மேல போகணும்ல?" என்று எனக்கு விளக்குவார். நான் எங்கள் லாரியை ஓட்டியவன். எனக்கு எதற்கு அந்த விளக்கம் என்று அப்போது சலித்துக்கொள்வேன். இன்று அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆரம்ப நாளில் ஒருமுறை, மேலே இருந்தவர் கீழே இருப்பவர் பிடித்துவிட்டார் என்று நினைத்துக் குழாயை விட்டுவிட்டார். அது நேராக வந்து, நான் தவணையில் வாங்கியிருந்த புது மோட்டார் சைக்கிளின் டேங்கில் இறங்கியது. யாருக்கும் காயமில்லை. நான்தான் துக்கம் கேட்க ஆளில்லாமல் நின்றேன். மறுநாள் அக்கா ஆட்களை எல்லாம் உட்கார வைத்து ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். குழாயைக் கொடுப்பவர் "கை இருக்கா?" என்று கேட்க வேண்டும். வாங்குபவர் "இருக்கு" என்று வாய் திறந்து சொன்ன பிறகுதான் விட வேண்டும். தலையை ஆட்டினால் செல்லாது.

கேட்கவும் சொல்லவும் நேரமாகும் அல்லவா? அந்த நேரத்தையும் அக்கா கூலியில் சேர்த்தார். சாரத்தைப் பிரித்து இறக்குவதற்கு இன்னும் கூடுதலாகச் சேர்த்தார். அதனால் எங்கள் கொட்டேஷன் எப்போதும் மற்றவர்களுடையதைவிட நீளமாக இருக்கும். பிரிக்கிற வேலைக்கு இவ்வளவா என்று கட்டடக்காரர்கள் வாதாடுவார்கள். "ஏத்தற கூலி மட்டும் சொல்றவன் பாதி வெலதாங்க சொல்றான்" என்பார் அக்கா. அதனால் கைவிட்டுப் போன வேலைகள் நிறைய. ஆனால் அவர் சொன்ன விலையைக் குறைத்துக்கொண்டதும் இல்லை, சொன்ன நாளைத் தள்ளிப்போட்டதும் இல்லை.

அப்படிப்பட்டவர் சொந்த ஊரிலேயே சறுக்கியதைச் சொல்லாவிட்டால் இந்த மலர் பொய்யாகிவிடும்.

எங்கள் மாதா கோவில் கோபுரத்துக்கு வர்ணம் பூசச் சாரம் கட்டும் வேலை வந்தது. அத்தானை ஒதுங்கியிருக்கச் சொல்லிவிட்டு, அக்கா முழுப் பொறுப்பேற்று வாக்குக் கொடுத்த முதல் பெரிய வேலை. தை மாதக் கடைசியில் திருவிழா. கொடி ஏறிவிட்டால் கோபுரத்தில் இரும்பு நிற்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அக்கா மார்கழியில் வந்து தெருவைப் பார்த்தார். லாரி கோவில் வாசல்வரை வரும் என்று கணக்குப் போட்டார். சாரம் எழும்பியது. வர்ணமும் முடிந்தது. கொடியேற்றத்துக்கு முதல் நாள் காலையில் குழாய்களை ஏற்றிப்போக நான் லாரியோடு வந்தால், தெரு முழுக்க நெல் காய்கிறது!

சம்பா அறுவடை. அந்தத் தெருவில் பிறந்து, அதே தார் ரோட்டில் நெல் கிளறி வளர்ந்தவருக்கு, தை மாதத்தில் அங்கே நெல் காயும் என்பது மறந்து போயிருக்கிறது. லாரியை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நான் நடந்து போனேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையிலேயே விஷயம் புரிந்துவிட்டது. வாசலில் ஏற்றவேண்டிய குழாய்களை இனி ரோடுவரை சுமக்க வேண்டும். அதற்கு ஆள் போனால் இறக்க ஆள் பற்றாது. மறுநாள் மாலை கொடி ஏறிவிடும், அதுவரைதான் நேரம்.

கோவில் கமிட்டிப் பெரியவர் வந்தார். "மேலேருந்து அப்படியே போடச் சொல்லும்மா. கீழ மணல் கொட்டியிருக்கு. மதியத்துக்குள்ள முடிஞ்சிரும்" என்றார். அத்தானும் தயங்கித் தயங்கி, "இந்த ஒரு தடவ…" என்றார்.

"தப்பாப் போன கணக்கு என்னோடது. அதுக்குக் கீழ நிக்கிறவன் தலைய நான் குடுக்க முடியாதுங்க" என்றார் அக்கா. கொடி தாமதமானால் அந்த ஊரில் அப்பா தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

பிறகு அவர் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த ஞானம்மா பெரியம்மாவிடம் நேரே போனார். "பெரியம்மா, ஒங்க நெல்லு என் லாரிய மறிச்சிருச்சு. வீட்ல இருக்கறவங்களை எல்லாம் கூப்புடுங்க."

பெரியம்மா காலடியில் கிடந்த நெல்லைப் பார்த்தார், கோபுரத்தைப் பார்த்தார். "நெல்லை மிதிக்காம போறதா இருந்தா நானே வர்றேன் தாயி" என்றார்.

கொஞ்ச நேரத்தில் கோவில் வாசலிலிருந்து மெயின் ரோடுவரை தெரு ஓரமாக ஊரே வரிசையில் நின்றது. எங்கள் ஆட்கள் எல்லோரும் மேலே ஏறி இறக்கினார்கள். கீழே குழாய் கைக்குக் கை போனது. அக்கா அங்கும் விடவில்லை. கேட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். "கை இருக்கா?" "இருக்கு!" தெரு நெடுக இதே சத்தம். பாடற்குழுப் பெண்கள் அதற்கு ராகம் போட்டுவிட்டார்கள். என்ன கூச்சல் என்று பார்க்க வந்த கோவில் பங்குச்சாமியார் கையிலும் ஒரு குழாய் வந்து நின்றது. "சாமி, கை இருக்கா?" என்றார் பெரியம்மா. "இருக்கும்மா, குடுங்க!" என்று அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டார் அவர். மறுநாள் மாலை வெறும் கோபுரத்துக்கு முன்னால் கொடி ஏறியது. அப்பா முதல் வரிசையில் நின்றார். அக்கா அழுததை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அதன் பிறகு நகரத்தின் நடுவில் ஷோரூம் கட்டுபவர்களிடமும் அக்கா, "தை மாசம் வாசல்ல நெல் காயுமாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் விலை சொன்னார். அவர்கள் விழிப்பார்கள். நான் லாரியில் உட்கார்ந்து சிரிப்பேன். தொழில் திருவாரூர், பட்டுக்கோட்டைவரை வளர்ந்தது. எங்களிடம் வேலை பார்த்த ஒருவர்கூடச் சாரத்தில் உயிரையோ கைகாலையோ இழந்ததில்லை. அக்காவின் சொத்து என்று நான் அதைத்தான் சொல்வேன்.

கடைசியாக உடம்புக்கு முடியாமல் போனபோதும் குணம் மாறவில்லை. ஒரு வாரத்தில் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். "லாரி எங்க நிக்கும்னு பாத்துட்டுதான் சொல்றீங்களா டாக்டர்?" என்று அக்கா கேட்க, நர்சுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த வாரம் முடியவில்லை. அக்கா போய்விட்டார். நாங்கள் நொறுங்கிப் போனோம் என்பதை மறைக்க மாட்டேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். மருத்துவமனையில் இரவு பகல் பார்த்துக்கொண்டவர்களுக்கும், ஜெபித்தவர்களுக்கும், சோறு ஆக்கிக் கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஊரில் அக்காவை அடக்கம் செய்ததும் தை மாதம்தான். யாரும் கேட்காமலே தெரு நெடுகிலும் நெல்லை ஒதுக்கி வழிவிட்ட மாதா கோவில் தெருக்காரர்களுக்குத் தனியாக நன்றி.

கல்லறையில் பெட்டியை இறக்க எங்கள் சாரம் கட்டும் ஆட்களே கயிற்றைப் பிடித்தார்கள். கீழே நின்று வாங்கிக்கொள்ள, யார் தடுத்தும் கேளாமல், அத்தான் குழிக்குள் இறங்கினார். பெட்டி அவர் கையெட்டும் உயரத்துக்கு வந்ததும் மேஸ்திரி செல்வம் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

"அண்ணே, கை இருக்கா?"

அத்தான் இரண்டு கைகளாலும் பெட்டியைத் தாங்கிக்கொண்டு நின்றார். தலையை மட்டும் ஆட்டினார். மேலே ஒருவரும் கயிற்றை விடவில்லை. சாமியாரும் ஜெபத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். எவ்வளவு நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் கீழேயிருந்து குரல் வந்தது.

"இருக்கு."