தண்ணீருக்கு மேலே நான்கு விரல்

தண்ணீருக்குள் அறுபடும் பன்கோரை சத்தம் போடாது. மேலே அறுத்தால் ‘சரக்’ என்று கேட்கும்; அடியில் அறுத்தால் ஒரு குமிழி வந்து உடையும், பிஞ்சு வெள்ளரியைக் கீறியதுபோல ஒரு வாடை வரும், அவ்வளவுதான். பதினோரு வயதில் பாக்கியம் அக்காவின் பன் பாத்தி முழுவதையும் நான் அப்படித்தான் அறுத்துக் கொன்றேன். பழி அவருடைய மகன் ராசுமேல் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

கண்டி மஹய்யாவையில் எங்கள் லைன் வீடுகளுக்குக் கீழே ஊற்றுநீர் தேங்கும் பள்ளம் ஒன்று இருந்தது. கணவரை இழந்த அக்கா அதில் பன் வளர்த்து, பாய் பின்னி விற்று, மகனைப் படிக்க வைத்தார். பன் என்பது கோரை இனம்; இலை இல்லாமல், ஆள் உயரத்துக்குப் பச்சைக் குழாயாக நிற்கும். ஒருமுறை நட்டால் ஆண்டாண்டாகத் தழைக்கும். அக்கா கிழங்கை மூன்று கணுவாக உடைத்து, முளை மேலே தெரியும்படி சேற்றில் படுக்க வைப்பார். புதுத் தாள் முழங்கால் உயரம் வரும்வரை தண்ணீரை இரண்டு விரலுக்குமேல் ஏறவிட மாட்டார். அதற்குப் பிறகுதான் மடையை அடைப்பார். நுனிப்பூ பழுப்பேறியதும் அறுவடை. அப்போது ராசுவிடம் அவர் சொல்வதைப் பள்ளத்தின் கரையில் நின்று பலமுறை கேட்டிருக்கிறேன்: “தண்ணிக்கு மேல நாலு விரல் விட்டு அறுடா. தாளுக்குள்ள தண்ணி போயிருச்சுன்னா கெழங்கு மூச்சு முட்டிச் செத்துப்போகும்.”

கொல்லும் வழியை நான் கற்றுக்கொண்டது அவர் வாயிலிருந்துதான். பள்ளம் காய்ந்தால் நாங்கள் கிரிக்கெட் விளையாடலாம். எனக்கு இருந்த காரணம் அது ஒன்றுதான். இத்தனை வயதுக்குப் பிறகு தேடிப் பார்த்தும் அதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

ராசு அறுத்து முடித்த மறுநாள், அக்கா பாய் விற்கக் கண்டி டவுனுக்குப் போயிருந்தார். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் அப்பா செடி கத்தரிக்க வைத்திருந்த ‘கவ்வாத்துக் கத்தி’யை எடுத்துப் போய், நீருக்குமேல் நின்ற அடித்தாள்களை எல்லாம் தண்ணீருக்கடியில் சேற்றை ஒட்டி அறுத்தேன். அன்று பிடித்த மழை ஒரு வாரம் விடவில்லை. பள்ளம் நிரம்பியதால் யாரும் எதையும் கவனிக்கவில்லை. மாதம் ஒன்றாகியும் முளை வராததால் அக்கா மடையைத் திறந்து பார்த்தார். கிழங்குகள் கறுத்து, கையில் எடுத்தால் கூழாக இருந்தன.

“கண்ணு என்ன பொடரியிலயாடா இருந்திச்சு? இப்பிடி அடியோட அறுத்து வச்சிருக்க!”

“நான் மேல விட்டுத்தாம்மா அறுத்தேன்.”

“அப்ப பேயா வந்து அறுத்திச்சு?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திறந்த மடையை அக்கா மறுபடி அடைக்கவில்லை; பள்ளம் காய்ந்தது, இரண்டு மாதம் விளையாடினோம். அக்கா திகனையில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனார். ராசு படிப்பை விட்டுக் கடையில் மூட்டை தூக்கினான். நான் படித்து ஆசிரியரானேன். செய்ததை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

போன வருடம், திகனையில் தெரிந்த ஒருவரின் வயலோரத்தில் பன் நிற்பதைக் கண்டு கிழங்கு கேட்டு வாங்கி, ஒரு பிளாஸ்டிக் பேசினில் அக்கா வைத்த முறைப்படியே வைத்தேன். நன்றாகத் தழைத்தது. த்ரீவீலரில் ஏற்றி, பழைய லைனிலேயே இருந்த ராசுவின் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

“வாங்க மாஸ்டர். பென்சன் பத்தாம பூக்கன்று யாவாரமா?” என்றான்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ராசு பேசினையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப நான் சரியாத்தான் அறுத்தேனா?” என்று கேட்டான்.

“ஆமா.”

“நானே பெசகிட்டேன்னு நெனைச்சிட்டேன், மாஸ்டர். அம்மா சாகுற வரைக்கும் என் கையில கத்தி குடுக்கல. இன்னைக்கும் வீட்டுல மரக்கறி வெட்டுறது பொஞ்சாதிதான்.” பிறகு, “இத இப்ப யாருகிட்டப் போயி சொல்றது?” என்றான்.

மன்னிப்புக் கேட்டேன். “வச்சிட்டுப் போங்க” என்றான். பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்திருந்தேன், எதுவும் இறங்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மறுபடியும் போனேன். பள்ளம் இருந்த இடத்தில் இப்போது சிமெந்து போட்டு வாகனங்கள் நிறுத்துகிறார்கள்; ஊற்று எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. ராசு வீட்டில் இல்லை என்றார் அவன் மனைவி. உள்ளே அவன் இருமுவது கேட்டது. டெங்கு பரிசோதனைக்கு வந்தவர்கள் தண்ணீரைக் கொட்டச் சொன்னதாகக் கூறி, வாசலோரத்தில் கிடந்த பேசினைக் காட்டினார்.

சேறு வெடித்திருந்தது. தாள்கள் எல்லாம் அறுக்கப்பட்டு, அடிகள் வைக்கோல் நிறத்தில் காய்ந்து நின்றன. பேசினின் உட்புறத்தில் தண்ணீர் நின்ற உயரம் பாசிக்கோடாகத் தெரிந்தது. குனிந்து கையை வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பாமல், கோட்டுக்கு மேலே நான்கு விரல்.