சாய்த்துப் பிடித்த தாள்

என் வேலையில் பாதி வரையச் சொல்லித்தருவது. மீதிப் பாதி சந்தேகப்படுவது. மலேசியாவில், அலோர் ஸ்டாரில் ஒரு சிறிய தனியார் காலேஜில், கலையும் வடிவமைப்பும் டிப்ளோமா படிக்கும் பிள்ளைகளை வெளிநாட்டுப் பட்டப்படிப்புக்கு மாறிப்போகத் தயார் செய்கிறேன். இங்கே படித்ததை அந்தப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால், பிள்ளை நேராக இரண்டாம் ஆண்டில் போய் உட்காரலாம். ஏற்பதா வேண்டாமா என்பதை அவர்கள் போர்ட்ஃபோலியோவை, அதாவது பிள்ளை செய்த வேலைகளின் தொகுப்பைப் பார்த்து முடிவு செய்வார்கள். இதெல்லாம் இந்தப் பிள்ளையின் கை வேலைதான் என்று கையெழுத்துப் போட்டு அனுப்புவது நான்.

ஆகவே யாரையும் நான் லேசில் நம்புவதில்லை. இணையத்தில் சுட்ட படத்தை இடம் வலம் மாற்றிக் கொண்டுவருவார்கள். அண்ணன் வரைந்ததைத் தாங்கள் வரைந்ததென்பார்கள். இப்போது கணினியிடம் நாலு வார்த்தை சொன்னால் அதுவே வரைந்து தருகிறது. பிள்ளைகள் எனக்குப் பின்னால் 'கஸ்டம்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பையைக் கிளறாமல் யாரையும் விடமாட்டேனாம். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

நான் சொல்ல வந்த பெண் பீடோங் என்ற சிறிய ஊரிலிருந்து வந்தவள். அம்மாவுக்கு சுங்கை பட்டாணியில் பேக்டரி வேலை. இரண்டாம் ஆண்டில் இடம் கிடைத்தால் எப்படியாவது அனுப்பிவிடலாம், முதலிலிருந்து படிக்க அனுப்ப வசதியில்லை என்று அம்மா என்னிடமே சொல்லியிருந்தார். இடம் கிடைக்காவிட்டால் அதே பேக்டரியில் அவளுக்கும் ஒரு வேலை காத்திருந்தது.

அவள் கொண்டுவந்தது பெரிய தாளில் ஒரு பென்சில் படம். விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் பெண்கள். நின்று நின்று கால் கடுத்துப்போன ஒருத்தி, கடை வாசலில் கிடந்த தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அதிலிருந்து பிறந்ததுதான் அவளுடைய வடிவமைப்பு, பஸ் நிற்கும் இடத்துக் கம்பத்தில் மாட்டி மடக்கக்கூடிய ஓர் இருக்கை. உட்கார்ந்திருந்தவளின் முதுகைப் பார்த்தாலே அவள் எத்தனை வருடமாக அந்த பஸ்ஸில் போகிறாள் என்று தெரிந்தது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷமில்லை, சந்தேகம்தான். தாளில் ஒரு கசங்கல் இல்லை, ஒரு தப்புக் கோடு இல்லை.

"இதுக்கு ரஃப் எங்க?" என்றேன்.

"ரஃப் இல்ல டீச்சர். இதுதான்."

"நேரா இப்படியே வந்துடுச்சா?"

அவள் தரையைப் பார்த்தாள். வெளிநாட்டுக்காரர்கள் முடிந்த படத்தை ஒரு நிமிடம் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் போட்டுத் தோற்றுப்போன படங்களை, அந்த ரஃபைத்தான் துருவித் துருவிப் பார்ப்பார்கள். ரஃப் இல்லாமல் என் முன்னால் வராதே என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம் வந்தாள். கையில் ஒரு ஸ்கெட்ச் புத்தகம். முதல் பக்கத்தில் மோசமான படம், அடுத்ததில் கொஞ்சம் தேவலை, அதற்கடுத்ததில் இன்னும் தேவலை. வழி தவறிய ஒரு பக்கம் கிடையாது. ஓரத்தில் ஒரு கோப்பிக் கறை வேறு, அதையும் பார்த்துப் பார்த்து வைத்திருந்தாள். படம் முடிந்த பிறகு உட்கார்ந்து தயாரித்த ரஃப் என்று குருடனுக்கும் தெரியும். எனக்கு வந்த ஆத்திரத்தில் புத்தகத்தை மூடி அவள் பக்கமே தள்ளினேன். ரஃபையே போலியாகச் செய்கிறவள் படத்தைச் செய்ய மாட்டாளா?

காலேஜில் மாணவர் சேர்க்கையைப் பார்த்துக்கொள்பவருக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. "சைன் பண்ணி விட்டுடுங்க லா டீச்சர், அங்க யாரு இவ்வளவு பாக்கப் போறா?" என்றார். அவருக்கு வேண்டியது, பேனரில் போட ஒரு பிள்ளையின் முகம். அவர் அவசரப்படுத்தியதால் என் சந்தேகம் இன்னும் கூடியது.

அன்று மாலை ஆசிரியர் அறையில் யாரும் இல்லாத நேரத்தில், என்னிடமே இருந்த அந்தப் படத்தை ஜன்னலருகே கொண்டுபோனேன். அச்சடித்த படத்தின் மேல் தாளை வைத்து நகலெடுத்தால், கோடு தயங்காது. ஒரே அழுத்தமாக ஓடும். தாளில் விழும் பள்ளம் அழித்தாலும் போகாது. வெயில் பக்கவாட்டில் விழும்படி தாளைச் சாய்த்துப் பிடித்தால் அந்தத் தடம் பிடிபட்டுவிடும். இப்படி நான் பிடித்த பிள்ளைகள் உண்டு. இவளும் அகப்படுவாள் என்றுதான் சாய்த்தேன்.

தாள் முழுக்கப் பள்ளங்கள். ஆனால் நான் தேடிப்போனவை இல்லை. பெட்டிமேல் உட்கார்ந்திருந்தவள் முன்பு நின்றிருக்கிறாள். அப்புறம் கம்பத்தில் சாய்ந்திருக்கிறாள். குத்துக்காலிட்டுக்கூட உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அவள் முகம் ரோட்டைப் பார்த்து, பிறகு திரும்பி, பிறகு குனிந்திருக்கிறது. வரிசையில் இருந்த இன்னொருத்தி இப்போது படத்திலேயே இல்லை. அத்தனை தோல்வியும் அந்த ஒரே தாளில், ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்ததில் கை வலித்துவிட்டது.

மறுநாள் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏன் எல்லாத்தையும் அழிச்ச?"

"தமிழ்ப்பள்ளியில அழிச்ச தடம் தெரிஞ்சா, டீச்சர் பக்கத்தக் கிழிச்சிட்டு மறுபடி எழுதச் சொல்வாங்க. அதான் தடம் தெரியாம அழிக்கப் பழகிட்டேன்."

"அந்த ஸ்கெட்ச் புத்தகம்?"

"ரஃப் இல்லாம வராதேன்னீங்க. அதான் செஞ்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே டீச்சர். இதுதான்னு சொன்னேன்."

அன்றே கையெழுத்துப் போட்டேன். போலிப் புத்தகத்தைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டு, தாளை நாலு பக்கமும் சாய்த்துச் சாய்த்துப் படம் பிடித்துச் சேர்த்தோம். நேர்காணல் கணினித் திரையில் நடந்தது. திரையில் இருந்த பெண்மணி எனக்கு மேல் சந்தேகப் பிராணி. முதலில் அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். நான் ஏன் அங்கே இருக்கிறேன் என்று கேட்டார். ஸ்கெட்ச் புத்தகம் எங்கே என்று கேட்டார். பெண் அறை விளக்கை அணைத்தாள். கைப்பேசி வெளிச்சத்தைத் தாளின் ஓரத்தில் வைத்து, மெதுவாக மேலே நகர்த்தினாள். அந்தப் பெண்மணி கேமராவுக்கு மிகக் கிட்டே வந்துவிட்டார். இன்னொரு தடவை காட்டச் சொன்னார். அழிந்துபோன அந்த இன்னொரு பெண் யார் என்று கேட்டார். அம்மாவோடு வேலை செய்தவர், வேலையை விட்டுவிட்டார், அதனால் அழித்துவிட்டேன் என்று இவள் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்கு அதுவரை அது தெரியாது.

இரண்டாம் ஆண்டிலேயே இடம் கிடைத்தது. செய்தி வந்த அன்று ஆசிரியர் அறைக்கு வந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ பேசினேன், குளிருக்கு என்ன வாங்க வேண்டும் என்றெல்லாம். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "டீச்சர், ஒன்னு கேக்கலாமா?" என்றாள்.

"கேளு."

"அன்னைக்கு அந்தத் தாள்ல ஒன்னும் தெரியலன்னா, சைன் போட்டிருப்பீங்களா?"

இந்த நல்ல நாளில் ஒரு பொய் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். வாய் வரவில்லை.

"மாட்டேன்," என்றேன்.

அவள் தலையாட்டினாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன்.

"அப்போ நான் இன்னும் கொஞ்சம் நல்லா அழிச்சிருந்தா, இந்நேரம் அம்மாகூட கம்பெனி பஸ்லதான் போயிட்டு இருந்திருப்பேன்."

"ஆமா," என்றேன்.