தையல்முத்து பிடித்த கள்ளன்

வேலணையில் தையல்முத்துவின் வாயை அறியாதவர் இல்லை. அந்த வாய்தான் அவளைப் பனங்கூடலோடு கட்டிப்போட்டது.

பனைகள் அடர்ந்த அந்தப் பனங்கூடல் ஊருக்குப் பொது. விழுகிற பழத்தையும் காய்ந்த காவோலையையும் யாரும் பொறுக்கலாம். வடலியில், அதாவது இளம்பனையில், வேலி அடைக்கவோ ஆட்டுக்குப் போடவோ பச்சை ஓலை வெட்டுவதுதான் குற்றம். வெட்டிப் பிடிபட்டவர், அடுத்த கள்ளரைத் தாமே பிடிக்கும்வரை காவல் இருக்கவேண்டும். கோயிலடியில் ஊர்கூடி வைத்த சட்டம் அது. எண்பத்தாறாம் ஆண்டு ஆட்டுக்கு ஓலை வெட்டப்போய்த் தையல்முத்து பிடிபட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு கள்ளனும் அந்தப் பக்கம் வரவில்லை. அவளிடம் ஏச்சு வாங்குவதைவிட வேலி இல்லாமலே இருந்துவிடலாம் என்று ஊர் நினைத்தது. மாரி வந்தது, மாரி போனது. வடலிகள் செழித்தன, அவள் மெலிந்தாள்.

கடைசியில் புருசன் கதிரித்தம்பியிடம் போனாள்.

"இஞ்சேருங்கோ, வேலி பொத்தலாக் கிடக்கு. வடலிக்கை நாலு ஓலை வெட்டிக்கொண்டு வாங்கோ."

"அங்கை நீரல்லோ காவல்?"

"அதுதான் சொல்லுறன். பயப்பிடாமல் போங்கோ."

மனுசன் ஓலையில் கத்தியை வைத்ததுதான் தாமதம், "கள்ளன், கள்ளன்" என்று அவள் போட்ட கூச்சல் சாட்டிக் கடற்கரைவரை கேட்டது.

கோயிலடியில் ஊர் கூடியது. "ஆர் உம்மை வெட்டச் சொன்னது?" என்று மூத்தவர் வைத்திலிங்கம் கேட்டார். கதிரித்தம்பிக்குப் பொய் பழக்கமில்லை. மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

வெட்டியவருக்கும் வெட்டச் சொன்னவருக்கும் ஒரே தண்டனை என்று தீர்ப்பாயிற்று.

அன்றிலிருந்து பனங்கூடலுக்கு இரண்டு பேர் காவல். நாள் முழுக்க ஏச்சு வாங்குவது மட்டும் ஒருவர்தான்.