வாத்தியார் வாங்காத வீடு

சரஸ்வதியக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, பீளமேட்டுச் சலூனில் பாதி மழித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். மீதியையும் மழித்துக்கொண்டுதான் எழுந்தேன். மீசையைக்கூட ஒதுக்கச் சொன்னேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அக்காவின் முகத்தைப் பார்ப்பதை எப்போதும் தள்ளிப்போட்டே பழகியவன் நான்.

காரணம் இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் நம் தரகர் சங்கத்தார் எல்லோருக்கும் தெரியும். கணவரின் வைத்தியத்துக்காக அக்கா தன் வீட்டை விற்க வந்தது என்னிடம்தான். ஒரு வாத்தியார் வாங்கிக் குடியிருக்கக் கேட்கிறார் என்றேன். பிள்ளைகுட்டிக்காரர் பாவம் என்று, அந்தக் கஷ்டத்திலும் அக்கா விலையைக் குறைத்தார். அப்படி ஒரு வாத்தியாரே கிடையாது. அக்காவுக்காக நானே விற்கலாம் என்று என் பெயருக்குப் பவர் எழுதி வாங்கி, ஒரு மில் முதலாளிக்குக் கூடுதல் விலைக்குக் கைமாற்றி, மிச்சத்தை என் பையில் போட்டுக்கொண்டேன்.

அங்கே பால் காய்ச்சிய அன்று, யாரும் அழைக்காமலே தேங்காய் பழத் தட்டோடு அக்கா வந்து நின்றார். விற்றவர் மனசார வாழ்த்தினால்தான் வாங்கியவருக்கு வீடு நிறையும் என்பது அவர் எண்ணம்.

"வாத்தியாரு எங்கீங்க? கொழந்தைகளக் கூப்புடுங்க."

எல்லோரும் விழித்தார்கள். முதலாளி தான் கொடுத்த விலையைச் சொன்னார். அக்கா, பந்தியில் இருந்த என்னிடம் வந்தார்.

"அந்த வாத்தியாருக்கு எத்தன கொழந்தைங்க, கண்ணு?"

"ரெண்டுங்க்கா" என்றேன். வாயில் ஜிலேபி இருந்தது.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அக்காவே வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வாங்குவது யார், தரகன் கைமாற்றி விற்கிறானா என்பதை விற்பவரிடம் முன்னாடியே சொல்ல வேண்டும்; மறைப்பவனுக்குச் சங்கத்தில் இடம் கூடாது என்றார்.

நான் சும்மா இருந்தேனா? "ஏனுங்க்கா, அடுத்தது எங்கூட்டுக் கொழம்பு உப்புக்கும் சட்டம் போடுவீங்களாட்ட இருக்குதுங்க?"

"உன்ர கொழம்புல நான் கை வெக்கல கண்ணு. என்ர ஊட்டுல நீதான வெச்சே?" என்றவர், எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "நடுவால நில்லுங்க, வேண்டாங்கல. மறைச்சுட்டு நிக்காதீங்க."

அக்கா சொன்னதை ஏற்று நீங்கள் எல்லோரும் கை தூக்கினீர்கள். நான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு எங்கே கண்டாலும், "வாத்தியாரு சௌக்கியமா?" என்று கேட்பார். நானும் ஏதாவது கேலி பேசி நழுவிவிடுவேன். மன்னிப்பு மட்டும் கேட்கவேயில்லை. இனிக் கேட்க ஆளில்லை.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, மறைச்சுட்டு நிக்காதீங்க என்ற அந்த ஒரு பேச்சைத்தான். போன வாரம் கிணத்துக்கடவில் வீடு விற்கிற பெரியவர் ஒருவரிடம், வாங்குபவர் யார், என்ன விலை தருகிறார், நடுவில் எனக்கு என்ன நிற்கும் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். "ரொம்ப நல்லதுங்க" என்று மோர் கொடுத்தார். மறுநாள் போனேன். வாங்குபவரோடு நேராகவே பேசி முடித்துவிட்டதாகச் சொல்லி, மறுபடியும் மோர் கொடுத்தார். குடித்துவிட்டு வெளியே வந்தேன். செருப்பில் ஒன்றை நாய் கொண்டுபோயிருந்தது. மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.