நானே நிறுத்திய மாத்திரை

பிள்ளைகளா, நீங்கள் இருவரும் ஆரம்பப் பள்ளியில் படித்த காலம். 2002 வாக்கில், மழைக்காலத்தில், மாமல்லபுரத்தில் ஒரு டெலிபோன் கம்பத்தின் மேல் எனக்கு நடந்ததை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை.

அதற்கு முன் சில மாதங்களாக எனக்குத் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வரும். செங்கல்பட்டில் ஒரு மனநல டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது. உங்கள் சண்டையைக் கேட்டுச் சிரிக்கவும் முடிந்தது.

நான் லைன்மேன். ரிசீவரில் டயல் டோன் கேட்டுவிட்டால் வேலை முடிந்தது, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். அதே நினைப்பில், நல்லாகிவிட்டதே என்று ஒரு திங்கட்கிழமை மாத்திரையை நானே நிறுத்தினேன். உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை கம்பத்தில் ஏறி ஒயரை முறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திருப்பியதும் தலைக்குள் சுரீரென்று ஒரு வெட்டு. உடனே இன்னொன்று. கம்பமே சாய்வது போல இருந்தது. “ஷாக் அடிக்குது!” என்று கத்தினேன்.

“டெலிபோன் ஒயர்ல இன்னா ஷாக்கு அண்ணாத்த? நாஸ்தா துன்னியா இல்லியா?” என்று கீழே நின்ற கூட்டாளி சிரித்தார். நான் ஒயரை விட்டுவிட்டுத் தடுமாறுவதைப் பார்த்ததும் அவர் குரல் மாறிவிட்டது. “கீழ பாக்காத. கம்பத்த கட்டிப் புட்ச்சிக்கோ. தோ வந்துகினே கீறேன்.”

ஏணியில் ஏறி வந்து, என் காலை ஒவ்வொன்றாகப் பிடித்துப் படியில் வைத்து இறக்கினார். அன்று அவர் டீ குடிக்கப் போயிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

மறுநாள் போய் நடந்ததைச் சொன்னதும் டாக்டரம்மா, “யார் நிறுத்தச் சொன்னது?” என்றார்.

“நல்லாயிட்டேம்மா, அதான்...”

“நல்லா ஆனதே மாத்திரையாலதானே?”

மூளையில் ஒரு செல் அடுத்த செல்லோடு ரசாயனத்தை அனுப்பித்தான் பேசுகிறதாம். மாத்திரை அந்த ரசாயனத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் தங்க வைக்கிறது. அதற்கேற்பச் செல்கள் தங்களை மாற்றிக்கொள்ள வாரக்கணக்காகும். முதல் மூன்று வாரம் எனக்கு ஒன்றும் தெரியாமல் போனது அதனால்தான். பழகிய பிறகு சட்டென்று நிறுத்தினால் அவை தடுமாறும்; கம்பத்தின் மேல் எனக்கு அடித்த ‘ஷாக்’ அதுதானாம். “நிறுத்தலாங்க. ஆனா என்கிட்ட பேசி, கொஞ்சங்கொஞ்சமா குறைச்சு” என்றார்.

நலமாவதற்கும் நாள் பிடிக்கும், மருந்தை விடுவதற்கும் நாள் பிடிக்கும் என்பதை நான் இன்றும் மறக்கவில்லை.

அதுவரை தெரிந்தவர் கண்ணில் படாமல் செங்கல்பட்டுக் கடையிலேயே மாத்திரை வாங்குவேன். அன்று மாலை மதுராந்தகத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, நம் தெருமுனை மருந்துக்கடைக்குத் தனியாகப் போனேன். அக்கம்பக்கத்தார் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். டாக்டரம்மா மறுபடி எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டி, மாத்திரையின் பெயரை எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லி வாங்கினேன்.